மாரிக்கு வைத்த நெல்

கல்முனைக்குடி,
03.09.1980

அன்புள்ள மச்சான் காலிதீன் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உம்மாவும் வாப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். கோமாரிக் கடல்காற்றும் கம்பஸ் பிள்ளைகளின் சமையலும் உங்கள் உடம்பை என்ன பாடு படுத்துகின்றனவோ என்பதுதான் என் யோசனை. போன முறை வந்தபோதே கழுத்தெலும்பு தெரிந்தது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முதல் பக்கம் கோமாரி மண், அடுத்த பக்கம் கோமாரித் தண்ணீர், அதற்கடுத்த பக்கம் முழுக்கச் சாரதா. சாரதா சொன்னா, சாரதா வீடு வீடாகப் போய்க் கதைச்சா, சாரதா மரவள்ளித் தடி நட்டுக் காட்டினா. கடைசியில் நீங்கள் எல்லோரும் சுகம்தானே என்று ஒரு வரி. உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஆரு மகள் இந்தச் சாரதா என்று கேட்டார். பாண்டிருப்புப் பெண், மச்சானோடு கம்பஸில் படிக்கிறாள், இப்போது கோமாரிக்கும் ஊர் வேலைக்கென்று ஒரே கூட்டமாகப் போயிருக்கிறார்கள் என்றேன். நல்ல சுறுசுறுப்பான புள்ள போல இரிக்கி என்று உம்மா சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்குப் பொறாமைதான். விளக்கு ஏற்றும்போதும் பொறாமை, அரிசி அரிக்கும்போதும் பொறாமை. நேற்றுக் கறிக்கு உப்புப் போட மறந்துபோனேன். வாப்பா தானே உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு எழும்பினார்.

சாரதாவை எனக்குத் தெரியாது என்று நினைத்தா அவ்வளவு விளக்கம் எழுதுகிறீர்கள்? அப்துல் ஸமட் சேரின் விலங்கியல் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாங்கள். தவளையை வெட்டச் சொன்னால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், கத்தியை நான்தான் பிடிப்பேன். எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் வீட்டு ஓட்டையும் வளவுத் தென்னைகளையும் கொண்டுபோன பிறகு வாப்பா பயந்துவிட்டார். கையில் மிச்சம் இருக்கும்போதே மகளைக் கரைசேர்த்துவிட வேண்டும் என்று உங்களைப் பேசி முடித்தார். அவள் கம்பஸ் சோதனைக்குப் போனாள், நான் மணவறைக்குப் போனேன். நீங்கள் நல்லவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தவளைக்குப் பயந்தவள் அங்கே மீன் குடலையும் சருகையும் மண் கிடங்கில் போட்டு மக்கவைத்துப் பசளை செய்கிறாள் என்று நீங்கள் மெச்சி எழுதுகிறீர்கள். நான் இங்கே மீன் குடலைப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ப் புதினம் சொல்கிறேன். சிறுபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது. கடைசித் தண்ணீர் பிந்தி வந்ததால் மேட்டு வரவை வயல்களில் பதர் கூட. நம்முடைய வயல் பள்ளத்தில் இருந்தபடியால் தப்பியது. முன்வீட்டு மைமூனாவின் மகளுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பேசுகிறார்கள். உம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். கோமாரியில் தென்னையும் தோணியும் சூறாவளியோடு போன பிறகு சனங்கள் இன்னும் நிமிரவில்லை என்றும், மாரி மழையில் கடல் கலங்கி வலை போட முடியாத மாதங்களில் ஒரு நேரச் சோற்றுக்கும் அலைகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்காக நீங்கள் மாணவர்கள் அங்கே ஒரு களஞ்சியம் கட்டுகிறீர்கள். நம் வீட்டுத் தெரு ஒழுங்கைப் பெண்கள் அறுவடை நெல்லில் ஒரு பங்கு தர வேண்டும், கோமாரிப் பெண்கள் அதற்கு ஈடாக மாரி தொடங்கியதும் கருவாடு தருவார்கள், களஞ்சியத்து நெல் மாரி முழுக்க அவர்களுக்குச் சோறு போடும். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. இதுவும் சாரதா சொன்னதாம்.

இதையே ஜும்ஆ முடிந்து நின்ற ஆண்களிடம் நீங்கள் போன மாதம் கேட்டீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மரைக்கால் நெல் வந்ததா? வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாய்ப் போகிற ஊரில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். வாசற்படி தாண்டி உள்ளே வந்த நெல்லுக்கு யார் சொந்தக்காரி என்பது மருதமுனைக்காரருக்குத் தெரியாதா? கம்பஸில் நான்கு எழுத்துப் படித்ததும் மறந்துபோயிற்று. இப்போது என்னிடம் வந்து நிற்கிறீர்கள்.

சரி, சேர்த்து வைக்கிறேன். மைமூனா ஓம் என்றுவிட்டாள், அவள் ஓம் என்றால் ஒழுங்கையில் பாதிப் பேர் ஓம்தான். மூட்டைகளை நம் வீட்டு மண்டபத்தில் அடுக்குகிறேன். வாப்பா லொறி பிடித்துத் தருவார். பசித்த சனத்துக்கு என்றபடியால் செய்கிறேன், வேறு யாருக்காகவும் இல்லை.

அடுத்த கடிதத்தில் முதல் பக்கத்தில் என் பேரை எழுதுங்கள். பிறகு மண்ணையும் தண்ணீரையும் எழுதலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கடலில் குளிக்கிறேன் என்று ஆழத்துக்குப் போக வேண்டாம்.

உங்கள் கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
நதீரா


கல்முனைக்குடி,
28.09.1980

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கம்பஸில் இருந்து கோமாரிக்குத் திரும்பியிருப்பீர்கள். அங்கே போய் இறங்கியதுமே சனங்கள் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் வாயாலும் கேளுங்கள், ஊரார் சொன்னதில் உப்பும் புளியும் கூடிக் குறைந்திருக்கும்.

நெல் மூட்டைகள் நம் மண்டபத்தில் சேர்ந்திருந்தன என்று போன கிழமை எழுதினேன் அல்லவா? ஒழுங்கையில் ஒரு வீடும் மிச்சமில்லை. வாப்பாவே ஆச்சரியப்பட்டார். லொறிக்குச் சொல்லியும் ஆயிற்று. அதற்குள் மைமூனா சம்பந்தம் பேசப் பொத்துவிலுக்குப் போய் வந்தாள். வழியில் கோமாரியில் பஸ் நின்றதாம். இறங்கித் தண்ணீர் குடித்தவள் உங்கள் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். புதுக் கிடுகு, சாணி மெழுகிய நிலம், வடிவான வேலை என்றாள். பிறகு சொன்னாள், அங்க எல்லாரும் சாரதா களஞ்சியம் எண்டுதான் சொல்றாங்க புள்ள என்று.

மச்சான், எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது. நெல் என் ஒழுங்கையில் சேர்ந்தது. வீடு வீடாகப் போய்க் காலடித் தோல் தேய்ந்தது எனக்கு. பேர் மட்டும் அவளுக்கு. கல்யாணச் சோற்றை நான் ஆக்கிப்போட, மாலையை அவள் போட்டுக்கொள்கிற மாதிரி. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கைப் பெண்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். மாரிக்கு வைத்துத் தூசி பிடித்து எலி தின்பதைவிட, இந்த நெல்லில் சோறாக்கிக் கோமாரிச் சனத்துக்கு ஒரு கந்தூரி கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

ஒருவரும் மறுக்கவில்லை. களஞ்சியம் என்றால் அவர்களுக்கு விளங்கவில்லை, அரிசி அளக்கிற கூப்பன் கடை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத்தான் தந்திருந்தார்கள். கந்தூரி என்றதும் ஒவ்வொரு முகமும் மலர்ந்தது. வீட்டுக்குப் பறக்கத் சேருகிற காரியம் அல்லவா? ஒருத்தி கண்மூடி மவ்த்தான புருசன் பேரில் நிய்யத் வைத்து நேர்ந்துகொண்டாள், இன்னொருத்தி மகனுக்குக் காய்ச்சல் சுகமானதற்கு வைத்தாள். உம்மா இருமலை மறந்து ஏலக்காய் இடிக்க உட்கார்ந்தார்.

ஆட்டுக்கும் தேங்காய்க்கும் சரக்குக்கும் லொறிக்கும் என்று கொஞ்ச மூட்டைகளை விற்றோம். மிச்சத்தைக் குத்துவித்து அரிசியாக்கினோம். மாடு வேண்டாம், அந்தச் சனம் தின்னாது, ஆடுதான் அறுக்க வேண்டும் என்று நான்தான் வாப்பாவிடம் பிடிவாதமாக நின்றேன். சமையற்காரர் ஆதம்பாவாக் காக்காவும் அவருடைய பெரிய சோற்றுக் கிடாரங்களும் ஏறிய பிறகு லொறியில் எங்களுக்கு இடமில்லை. நானும் மைமூனாவும் வாப்பாவோடு பஸ்ஸில் போனோம்.

கோமாரியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். தலை போன தென்னைகள் வரிசையாக நின்றன. கடற்கரை மணலில் அடுப்பு மூட்டி, லுஹர் தொழுகை முடிகிற நேரத்துக்குச் சோறு இறக்கினோம். ஊரே வந்தது. சஹனில் சோற்றைக் குவித்து வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் தின்பது நம் வழக்கம் என்று சொன்னேன். பெரியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், வாழையிலை கேட்டார்கள், கொடுத்தோம். பிள்ளைகள் தயங்கவில்லை. சஹனைச் சுற்றி இருந்து கையும் கையும் முட்ட முட்டத் தின்றார்கள். ஒரு கிழவர் என் தலையில் கைவைத்து, மகராசியா இரு புள்ள, வயிறு குளிர்ந்துபோச்சு என்றார். எனக்கு அழுகை வந்தது.

நீங்களும் உங்கள் சாரதாவும் கம்பஸுக்கு அறிக்கை கொடுக்கப் போன கிழமையைப் பார்த்துத்தான் போனேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஓம், பார்த்துத்தான் போனேன். அவள் மாதக்கணக்கில் கூட்டம் வைத்து, மண்ணைக் கிண்டி, ஒரு ஊரின் வயிற்றை நிறைக்கப் பார்க்கிறாள். நான் ஒரு பகலில் நிறைத்துவிட்டு வந்தேன். அதை அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வல்லியம்மை என்று ஒரு அக்கா, கம்பஸ் பெண்பிள்ளைகள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி, கை கழுவும்போது என்னிடம் வந்து, களஞ்சியத்துக்கான நெல் எப்ப வரும் புள்ள என்று கேட்டா. இதுதான் அந்த நெல் என்றேன். சரி புள்ள என்று மட்டும் சொன்னா. பிறகு சட்டி கழுவ உதவிக்கு வந்தா. அதிகம் கதைக்காத பெண் போல.

இரண்டு மூட்டையைக் களஞ்சியத்திலும் இறக்கிவிட்டுத்தான் வந்தேன். ஒன்றும் வைக்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவீர்கள்தானே? உங்களுக்கு உடுக்க மருதமுனையில் புதுச் சாரன் நெய்யக் கொடுத்திருக்கிறேன். ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன். இந்த முறையாவது முதல் பக்கத்தில் நான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நதீரா


கல்முனைக்குடி,
19.11.1980

அன்புள்ள சாரதாவுக்கு,

உனக்கும் உன்னோடிருக்கும் எல்லோருக்கும் கடவுள் சுகத்தைத் தரட்டும். என்னிடமிருந்து கடிதம் என்றதும் நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். மச்சானுக்கு எழுதி உனக்குச் சொல்லச் சொல்வதுதான் இதுவரை என் வழக்கம். இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்ட வேண்டாம். வாசித்த பிறகு அடுப்பில் போட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

கந்தூரிக்குப் பிறகு அவர் எனக்கு எழுதியது நாலு வரி. சுகம் கேட்டிருந்தார். கந்தூரி நல்ல காரியம் என்றிருந்தார். மாரிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றிருந்தார். பெருநாளுக்கு வர வசதிப்படாது என்றிருந்தார். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். பெருநாளன்று புதுச் சாரன் மடித்தபடி கிடந்தது. வாப்பா தொழுதுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். மருமகனுக்குப் படிப்பு முக்கியம்தானே என்று அவரே கேள்வியும் கேட்டு அவரே ஆறுதலும் சொல்லிக்கொண்டார். நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் கோமாரியில், உன் பக்கத்தில், ஒரு பெருநாளைக் கழிக்கிறார் என்று நினைத்து நினைத்து அன்று பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை. நீங்கள் எல்லோரும் அந்தக் கிழமை அரிசி தேடி அக்கரைப்பற்றுக் கடைகளில் ஏறி இறங்கினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குச் சொன்னது வல்லியம்மை அக்கா. போன செவ்வாய்க்கிழமை, விடாமல் மழை கொட்டிய அன்று, எங்கள் வாசலில் வந்து நின்றா. தலையில் பன்பாயில் சுற்றிய கட்டு. கூட இன்னும் இரண்டு பெண்கள், அவர்கள் தலையிலும் கட்டு. எல்லோரும் தெப்பமாய் நனைந்திருந்தார்கள், கட்டுகள் மட்டும் நனையவில்லை. பிச்சைக்கு வந்திருக்கிறார்களோ என்றுதான் எனக்கு முதலில் பட்டது. அப்படிப் பட்டதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

உம்மா துவாய் கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார். வல்லியம்மை அக்கா கட்டை அவிழ்த்தா. உள்ளே கருவாடு. பாரையும் திருக்கையும், ஒரு பூஞ்சணம் இல்லாமல், நன்றாகக் காய்ந்தது. எங்கட பங்கக் கொண்டு வந்திருக்கம் புள்ள என்றா. கந்தூரியோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டதே அக்கா, நெல்லை அன்றைக்கே சமைத்துத் தந்துவிட்டோமே என்று ஒருவாறு சொன்னேன். அதற்கு அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்டைக்கு நீங்க தந்தது விருந்து. அதத் திண்டு நாங்க கை கழுவிட்டம். இது வேற. நெல்லுக்குக் கருவாடு எண்டு கதைச்சது கதைச்சதுதானே. நாங்க கதைச்சத நாங்க செய்றம்.

குரலில் கோபமில்லை. கடலுக்கு ஒரு தோணியும் இறங்கவில்லை என்று சொன்னதும், நான் வைத்துவிட்டு வந்த இரண்டு மூட்டையும் முடிந்துபோய் இப்போது உங்கள் மரவள்ளியின் முற்றாத கிழங்கில்தான் ஒரு நேரம் ஓடுகிறது என்று சொன்னதும் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான். வயிறு அப்படி இருக்கும்போதும் அந்தக் கருவாட்டை விற்காமல், தின்னாமல், நனையாமல் பஸ் ஏறிக் கொண்டு வந்திருக்கிறார்கள். அன்று சஹன்களுக்கு நடுவில் நான் எப்படி நிமிர்ந்து நடந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கடற்கரையில் கொடுத்தவள் நான், வாங்கினது முழு ஊர். நீ கட்டிய களஞ்சியத்தில் எல்லோரும் கொடுப்பவர்களாக இருந்திருப்பார்கள். அந்த மதிப்பை நான் ஒரு பகலில் அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன். சாரதா, இது எனக்கு அன்றுதான் விளங்கியது.

நீ என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்றும் கேட்டேன். அக்கா சொல்ல மாட்டேன் என்றா, நான் விடவில்லை. படிக்கிற காலத்திலயும் அவளுக்கு முன்னுக்கு நிக்காட்டி நித்திரை வராது என்று வாளியைத் தூக்கி எறிந்தாயாமே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ என்னை மறக்கவில்லை என்பது ஒரு பக்கம் சந்தோசமாகவும் இருந்தது.

அவர்கள் போன பிறகு மைமூனாவையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். முதல் வீட்டிலேயே கந்தூரிதான் கொடுத்தாச்சே என்று கதவோடு நிறுத்திவிட்டார்கள். பிழை அவர்களில் இல்லை, அவர்களுக்குக் கந்தூரியைக் காட்டினவள் நான். திரும்பி வந்து யோசித்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று சொல்லவில்லை. கருவாட்டைச் சமமாகப் பங்கு வைத்து, அவரவர் பாத்திரத்தில் போட்டு, கோமாரியில் இருந்து உங்கள் பங்கு வந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நெல்லைப் பற்றி மூச்சுவிடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சாமான் வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்ப எங்கள் ஒழுங்கையில் எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. உங்கள் பக்கமும் அப்படித்தானே? அன்று பின்னேரம் திருக்கைக் கருவாட்டு ஆணம் அடுப்புகளில் கொதித்து ஒழுங்கை முழுக்க மணத்தது. மறுநாள் தொடங்கி நெல் வரத் தொடங்கியது. என்னைக் கதவோடு நிறுத்தியவள் இரண்டு பிள்ளைகளிடம் சுளகு நிறையக் கொடுத்துவிட்டிருந்தாள்.

முதல் தடவை வந்த அளவு இல்லை. மாரி நேரம், அவர்கள் வீட்டிலும் குறைவு. மிச்சத்தை என் வயல் நெல்லில் நிரப்பினேன். தை முடியும்வரை சிக்கனமாய்ப் பார்த்தால் காணும் என்று நினைக்கிறேன். அதை நீதான் பார்க்க வேண்டும், உனக்குத்தான் அந்தக் கணக்கு வரும். களஞ்சியத்துக்கு உன் பேரே இருக்கட்டும். இதை எழுதும்போதும் எனக்கு உள்ளே எரிகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அந்தக் கந்தூரி நாளில் இன்னொன்றும் நடந்தது. ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது வல்லியம்மை அக்காவின் வளவுக்குப் போனேன். நீ நட்ட மரவள்ளி வரிசைகளைப் பார்த்தேன். வத்தாளைக் கிழங்குக் கொடி மணலில் எப்படிப் பிடித்திருந்தது, பசளைக் கிடங்குக்கு எப்படி ஓலை மூடி வைத்திருந்தாய். எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. குனிந்து ஒரு தடியைப் பிடித்தும்விட்டேன். மண் காய்ந்து கிடந்தது. நீ இல்லாத கிழமையில் யாரும் தண்ணீர் விடவில்லை போல. கிணற்றில் அள்ளி ஊற்றத் தொடங்கினேன். கடைசி வரிசை வரை ஊற்றினேன். கையும் சேலையும் மண்ணாகிவிட்டன. வரும்போது பஸ்ஸில் வாப்பா எங்கே விழுந்தாய் மகள் என்று கேட்டார்.

அவர் உன்னைப் பார்ப்பார் என்ற பயத்தில்தான் எனக்குப் பொறாமை என்று இந்த ஊர் நினைக்கும். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வளவில் வாளியோடு நின்றபோதுதான் என் பொறாமை எங்கே கிடக்கிறது என்று தெரிந்தது. எனக்கு உன் மேல் மட்டும் இல்லை, அவர் மேலும் பொறாமை. உங்கள் இரண்டு பேருக்கும் காலையில் எழும்பினால் போய்ச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்க ஒரு ஊர் இருக்கிறது. எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், சாரதா. மண்ணும் தெரியும், சனத்தோடு கதைக்கவும் தெரியும். பிழையாகக் கதைத்து ஒரு ஊரின் மாரிச் சோற்றையே கெடுத்த அளவுக்குத் தெரியும். சரியாகக் கதைத்தால் எவ்வளவு செய்வேன் என்று நீ யோசித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை நெல் லொறி வரும். அக்கரைப்பற்றுக்கு அப்பால் ரோட்டில் தண்ணீர் நிற்கிறதாம், அதனால் நேரம் சொல்ல முடியாது. நானும் வாப்பாவோடு அதில் வருகிறேன். இந்த முறை கிடாரம் இல்லை. ஒரு பெட்டியில் என் உடுப்புகள் இருக்கும். மாரி முடியும்வரை வல்லியம்மை அக்கா வீட்டில் உங்களோடு தங்கி வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அக்காவிடம் அன்றே கேட்டேன், பாய் விரிக்க இடமிருக்கு புள்ள என்றா. வாப்பாவிடமும் கேட்டேன். புருசன் ஓம் எண்டா எனக்கென்ன என்றார்.

ஆகவே எல்லாம் அவர் வாயில் இருக்கிறது. நெல்லை இறக்கியதும், ரோட்டில் தண்ணீர் ஏறுமுன் அதே லொறியில் வீட்டுக்குப் போ என்றுதான் அவர் சொல்வார். கடல்காற்று ஒத்துக்கொள்ளாது, உம்மா தனியே, சனம் என்ன கதைக்கும் என்று எல்லாம் சொல்வார். நான் கெஞ்சினால், பொறாமையில் காவலிருக்க வந்திருக்கிறாள் என்று நினைப்பார்.

அப்போது நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நதீரா இங்கே வேண்டும், வேலைக்கு ஆள் காணாது என்று சொன்னால் போதும். நான் சொல்லி அவர் கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். அதைத்தான் இத்தனை மாதமும் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது. இன்று அதையே உன்னிடம் கேட்கிறேன்.

ஆண்டவன் உன் கையில் பச்சை பிடிக்கச் செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை லொறிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து நில்.

இப்படிக்கு,
உன் வாங்கில் இருந்து படித்த
நதீரா